பிரேக்கில் ஒளிந்திருக்கும் ஐந்து திருடர்கள்!



உங்களில் எத்தனை பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா, எல்லாருமே தூக்கிவிட்டீர்களே! சரி, அடுத்த கேள்வி. இன்று காலை சைக்கிளை எடுக்கும் முன், பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தீர்கள்? என்ன, ஒரு கையையும் காணோமே!

வெட்கப்பட வேண்டாம். பல வருடம் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்த நானே ஒருநாள் அப்படிப் பார்க்காமல் கிளம்பி, கையை உடைத்துக் கொண்டவன்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் பேரன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன், போன விடுமுறையில் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினான். ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரத்தில் எடுக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு வெளியான படம் அது. டேனி மெக்காஸ்கில் என்ற இளைஞர் சைக்கிளோடு சுவரில் இருந்து சுவருக்குத் தாவுகிறார். கூர் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு வேலியின் மேல் சைக்கிளை ஓட்டுகிறார்! அந்தக் காலத்தில் அவர் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அந்த ஒரே படத்தால் உலகம் முழுவதும் புகழ் பெற்றுவிட்டார்.

அடுத்து, இந்த வித்தையின் போட்டிகளையும் காட்டினான். பாறை, மரக்கட்டை, சிமென்ட் குழாய் என்று வரிசையாகத் தடைகள். போட்டியாளர் ஆளுயரப் பாறை மேல் சைக்கிளோடு ஏறி, பின் சக்கரத்தில் மட்டும் நின்று, முயல் போலத் தத்தித் தத்தி அடுத்த பாறைக்குப் போகிறார்.

பேரன் கேட்டான்: "தாத்தா, என் சைக்கிள்ல ரெண்டு கையாலயும் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சாலும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிக்குது. இவங்க ஒத்தை விரலால பிடிக்கிறாங்க. சக்கரம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே, எப்படி?"

சபாஷ், நல்ல கேள்வி! அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

மோட்டார் இல்லாத ட்ரையல்

இந்த விளையாட்டுக்கு 'ட்ரையல்ஸ்' என்று பெயர். தடைகளைத் தாண்டும் மோட்டார் சைக்கிள் போட்டியில் இருந்து பிறந்தது இது. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியா பகுதியில், பெரே பி என்ற மோட்டார் சைக்கிள் வீரர் இருந்தார். தம் மகன் ஓட் பி பழகுவதற்காக ஒரு சிறிய சைக்கிளை அவர் தயார் செய்து கொடுத்தார். மோட்டார் இல்லாத ட்ரையல் என்ற பொருளில் அதை 'ட்ரையல்சின்' என்று அழைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'சின்' என்றால் 'இல்லாமல்' என்று அர்த்தம். அந்த மகன் ஓட் பி பிற்காலத்தில் உலகச் சாம்பியன் ஆனார்!

இந்தப் போட்டிகளில் வேகத்துக்கு முதலிடம் இல்லை. கால் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் தண்டப் புள்ளி. அதனால் சைக்கிளும் வித்தியாசமாக இருக்கும். போட்டிச் சைக்கிள்கள் பலவற்றில் உட்கார சீட்டே கிடையாது! 20 அங்குலச் சக்கரம் வைத்த சைக்கிளுக்கு ஒரு பிரிவு, 26 அங்குலச் சக்கரம் வைத்ததற்கு ஒரு பிரிவு என்று போட்டி நடக்கும்.

பாறை உச்சியில் பின் சக்கரத்தில் நிற்கும்போது பிரேக் ஒரு விரற்கடை வழுக்கினாலும் ஆள் கீழே. ஆகவே இந்த வீரர்கள் தங்கள் பிரேக்கைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு வேறு யாரும் யோசிப்பதில்லை.

ஓடுவதை நிறுத்துவதும், நிற்பதைப் பிடித்து வைப்பதும்

வகுப்பில் இருக்கும் கனமான பெஞ்சைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் அசையவே அசையாது. 'ஐலசா' போட்டுத் தள்ளினால் ஒரு கட்டத்தில் சட்டென்று நகரும். நகர ஆரம்பித்த பிறகு தள்ளுவது சுலபம். ஏன்? இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று அசையாமல் இருக்கும்போது அவற்றுக்கு இடையில் இருப்பது நிலை உராய்வு. ஒன்று நகர ஆரம்பித்துவிட்டால் அது இயக்க உராய்வு. பெரும்பாலும் நிலை உராய்வின் உச்ச அளவுதான் பெரியது.

நாம் சாலையில் பிரேக் பிடிக்கும்போது, பிரேக் கட்டை ஓடுகிற ரிம்மின் மேல் உரசிக்கொண்டே வேகத்தைக் குறைக்கிறது. இது இயக்க உராய்வின் வேலை. ட்ரையல்ஸ் வீரருக்கோ சக்கரம் துளிகூடச் சுற்றக் கூடாது. கட்டையும் ரிம்மும் ஒட்டிக்கொண்டது போல நிற்க வேண்டும். இது நிலை உராய்வின் வேலை.

இந்த வேலைக்குச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிஸ்க்கைப் பிடிப்பதைவிட, விளிம்பில் இருக்கும் ரிம்மைப் பிடிப்பதில் ஒரு லாபம் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? 26 அங்குலச் சக்கரத்தின் ரிம் குறுக்களவு சுமார் 56 சென்டிமீட்டர். டிஸ்க்கின் குறுக்களவு 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 56ஐ 16ஆல் வகுத்தால் மூன்றரை. அதாவது, ரிம்மில் ஒரு பங்கு உராய்வு செய்யும் வேலையைச் செய்ய, டிஸ்க்கில் மூன்றரைப் பங்கு உராய்வு வேண்டும். ஓடும் ராட்டினத்தை நிறுத்த வேண்டும் என்றால், நடுவில் பிடிப்பீர்களா, ஓரத்தில் பிடிப்பீர்களா? ஓரத்தில்தானே! டிஸ்க் பிரேக் வைத்துக்கொள்ளும் ட்ரையல்ஸ் வீரர்களும் நிறைய உண்டு. ஆனாலும் ரிம் பிரேக்குக்கு அங்கே இன்னும் மரியாதை இருக்கிறது.

விரலில் இருந்து ரிம்முக்கு ஒரு பயணம்

பிரேக்கைப் பிடிக்கும்போது என்ன நடக்கிறது? உங்கள் விரல் ஒரு விசையைக் கொடுக்கிறது. அது லீவருக்குப் போகிறது. அங்கிருந்து ஒயர் வழியாகப் பிரேக் கைகளுக்குப் போகிறது. அங்கிருந்து பிரேக் கட்டைக்கு. கடைசியில் ரிம்முக்கு.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான். உங்கள் விசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொள்கிறான். ரிம்முக்குப் போய்ச் சேரும் முன்பே ஒரு பகுதி வீணாகிவிடும்! இன்னும் இறுக்கிப் பிடிப்பதால் பெரிய பயன் இல்லை. திருடர்களைப் பிடிப்பதுதான் வழி. ட்ரையல்ஸ் வீரர்கள் செய்வது இதைத்தான். வாருங்கள், ஒவ்வொருவனாகப் பிடிப்போம்.

முதல் திருடன்: தவறான இடத்தில் விரல்

கதவைக் கீல் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள். கஷ்டம். கைப்பிடி பக்கத்தில் தள்ளுங்கள். சுலபம். பிரேக் லீவரும் அப்படித்தான். லீவர் திரும்பும் அச்சில் இருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி விரல் வைப்பதைவிட, 8 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அதே விரலுக்கு இரண்டு மடங்கு பலன்.

அதனால்தான் ட்ரையல்ஸ் வீரர்கள் லீவரை ஹேண்டில்பாரில் கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளிப் பொருத்துகிறார்கள். அப்போது ஆள்காட்டி விரல் சரியாக லீவரின் நுனியில் வந்து உட்காரும். ஒரு விரல் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளும். மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: லீவரின் அடியில் பிடிக்காமல் நுனிப் பக்கமாகப் பிடியுங்கள். கை சின்னதாக இருந்து லீவர் எட்டவில்லை என்றால், பெரியவர்களிடம் சொல்லிச் சரிசெய்து வாங்குங்கள். சைக்கிள் கடைக்காரருக்கு இது ஐந்து நிமிட வேலை.

இரண்டாம் திருடன்: துருப்பிடித்த ஒயர்

பிரேக் ஒயர் ஓர் உறைக்குள் ஓடுகிறது. மழைத்தண்ணீரும் புழுதியும் உள்ளே போய்த் துருப்பிடித்தால், ஒயர் உறையோடு உரசும். உராய்வு நமக்கு ரிம்மில்தான் வேண்டும். ஒயரில் வேண்டவே வேண்டாம்! உறை கூர்மையாக வளைந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

ஒயர் வைத்த வீரர்கள், உறையைத் தேவைக்கு மேல் நீளமாக விடமாட்டார்கள். வளைவு மென்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பிரிந்த ஒயரை உடனே மாற்றிவிடுவார்கள்.

இன்னும் பலர் ஒயரையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்! குழாய்க்குள் எண்ணெய் நிரப்பி, அதன் அழுத்தத்தால் கட்டையைத் தள்ளும் பிரேக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியின் மகுரா நிறுவனம் சைக்கிள் ரிம்முக்கான இப்படிப்பட்ட பிரேக்கை 1987இல் கொண்டு வந்தது. ட்ரையல்ஸ் உலகில் அது மிகப் பிரபலம். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, பாஸ்கல் விதி! அதுதான் இங்கே வேலை செய்கிறது.

இந்தக் குழாயிலும் ஒரு குட்டித் திருடன் உண்டு. அவன் பெயர் காற்றுக் குமிழி. எண்ணெயை அழுத்தினால் சுருங்காது என்றே சொல்லலாம். காற்றை அழுத்தினால் பஞ்சு போலச் சுருங்கும். ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் உங்கள் விரலின் வேலை அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். ஆகவே வீரர்கள் எண்ணெயை மாற்றும்போது, காற்று முழுவதையும் பொறுமையாக வெளியேற்றுவார்கள். சிலர் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர்கூட நிரப்புவது உண்டு! தண்ணீர் எண்ணெயைவிட இளக்கமாக ஓடும். லீவர் சட்டென்று திரும்பும்.

மூன்றாம் திருடன்: வளையும் இரும்பு

இவன் பெரிய கில்லாடி. கண்ணுக்கே தெரிய மாட்டான். இரண்டு கட்டைகளும் இரு பக்கமும் இருந்து ரிம்மை நெருக்குகின்றன. அப்போது ரிம் சும்மா இருக்குமா? அதுவும் கட்டைகளைத் திருப்பித் தள்ளும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் சொன்னாரே! அந்தத் தள்ளலில், பிரேக் பொருத்தியிருக்கும் சைக்கிள் சட்டத்தின் இரண்டு கைகளும் கவட்டை போல லேசாக விரியும். விரல் கொடுக்கும் அசைவில் ஒரு பகுதி, சட்டத்தை விரிப்பதிலேயே வீணாகிவிடும். லீவர் 'கொழகொழ' என்று இருக்கும்.

இதற்கு ட்ரையல்ஸ்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. குதிரை லாடம் போன்ற வளைந்த தகடு ஒன்றை, இரண்டு பக்கத்தையும் இணைத்துத் திருகிவிடுகிறார்கள். 'பிரேக் பூஸ்டர்' என்று அதற்குப் பெயர். இரண்டு பேர் கைகோத்து நிற்பது போல, இரு பக்கங்களும் பிரியாமல் நிற்கும். இப்போது அசைவு முழுவதும் ரிம்முக்கே!

நம் சைக்கிளுக்கு இந்தத் தகடு தேவை இல்லை. ஆனால் பிரேக்கைத் தாங்கும் நட்டும் போல்ட்டும் தளர்ந்திருந்தால், இதே திருடன் நம் வீட்டுக்கும் வந்துவிடுவான். அவற்றை முறுக்கி வைத்தால் போதும்.

நான்காம் திருடன்: வழவழத்த கட்டை

பிரேக் கட்டையின் முகம் முழுவதும் ரிம்மில் படிய வேண்டும். கோணலாக இருந்தால் ஓர் ஓரம் மட்டுமே படும். மேலே ஏறியிருந்தால் டயரில் உரசி, டயரையே அறுத்துவிடும். கீழே இறங்கியிருந்தால் ரிம்மை விட்டு நழுவும்.

நாள்பட்ட கட்டையின் முகம் இறுகி, கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். அதில் மண்துகளும் பதிந்திருக்கும். வீரர்கள் அதை உப்புத்தாளில் தேய்த்துப் புது முகம் வரவழைப்பார்கள். போட்டிக்கென்றே ரிம்மைக் கவ்வும் தனி ரகக் கட்டைகளும் உண்டு. அந்தக் கட்டையின் முதுகில் பிளாஸ்டிக்குக்குப் பதில் உலோகம் வைத்திருப்பதும் உண்டு. அழுத்தும்போது முதுகு வளையக் கூடாது அல்லவா? மூன்றாம் திருடன் அங்கேயும் நுழைந்துவிடாமல் இருக்கத்தான்!

கட்டை ரிம்முக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் சக்கரம் கோணியிருந்தால், அருகில் வைத்த கட்டை ஒவ்வொரு சுற்றிலும் உரசும். ஆகவே முதலில் போக்ஸ் கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் பெண்டு எடுக்க வேண்டும். பார்த்தீர்களா, ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று ஒழுங்காக இருக்க வேண்டும்!

ஐந்தாம் திருடன்: பளபளக்கும் ரிம்

இவன்தான் திருடர் தலைவன். என் கையை உடைத்தவனும் இவனே. இப்போது அந்தக் கதை.

1988ஆம் வருடம், ஐப்பசி மாதம். நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்து வந்தேன். தினமும் சைக்கிள் பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். வழிந்த எண்ணெயைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். அதே துணியால் ரிம் இரண்டையும் துடைத்தேன். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை!

மறுநாள் காலை தூறல். ஏரிக்கரையில் இருந்து இறங்கும் சரிவில் வந்து கொண்டிருந்தேன். கீழே, எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி, தன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையைக் கடந்தாள். மணி அடித்தேன். அவள் விலகி ஓடவில்லை. என்னைப் பார்த்ததும் நடுப்பாதையிலேயே நின்று, "வணக்கம் சார்!" என்று கும்பிட்டாள்!

பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கினேன். சைக்கிள் வழுக்கிக்கொண்டு அவர்களை நோக்கியே போனது. வேறு வழி தெரியாமல் ஹேண்டில்பாரைத் திருப்பினேன். வேலிகாத்தான் புதருக்குள் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்தக் குழந்தைகள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஒரு நொடி தாமதித்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. முந்தின வாரம்தான் உராய்வுப் பாடம் நடத்தியிருந்தேன். எண்ணெய் உராய்வைக் குறைக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட இதே கைதான், ரிம்மில் எண்ணெயைத் தடவியது!

எண்ணெயும் தண்ணீரும் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் மெல்லிய பாய் விரித்தது போலப் படிந்துவிடுகின்றன. இரும்பு ரிம்மில் தண்ணீர் பட்டால் பிரேக்கின் பிடி மிகவும் குறைந்துவிடும். அலுமினிய ரிம் அவ்வளவு மோசம் இல்லை என்றாலும், அதுவும் மழையில் தாமதமாகத்தான் பிடிக்கும்.

ட்ரையல்ஸ் வீரர்கள் இந்தத் தலைவனை எப்படிப் பிடிக்கிறார்கள் தெரியுமா? கையில் பிடிக்கும் கிரைண்டிங் மெஷினால், அலுமினிய ரிம்மின் பக்கங்களில் நெருக்கமாக மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். அம்மி கொத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? தேய்ந்து வழவழத்த அம்மியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவார்களே, அதே தத்துவம்தான்! கீறலின் நுண்ணிய முனைகள் கட்டையைக் கவ்விக்கொள்ளும். ஈரமாக இருந்தாலும் தண்ணீர் கீறல்களுக்குள் ஒதுங்கிவிடும். கொத்திய அம்மி போலவே இதுவும் நாளடைவில் தேயும். மறுபடி கீற வேண்டும். வேறு சிலர் கீறாமல், சாலை போடும் தாரை ரிம்மில் லேசாகத் தேய்த்துவிடுவார்கள். பிசுபிசுப்பு கட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மழை வந்தால் தாரின் வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஓர் அழிப்பான் வையுங்கள். தட்டின் ஒரு பக்கத்தை மெதுவாக உயர்த்துங்கள். எந்த உயரத்தில் அழிப்பான் வழுக்க ஆரம்பிக்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

அடுத்து, தட்டில் தண்ணீர் தெளித்துச் செய்யுங்கள். பிறகு துடைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிச் செய்யுங்கள். கடைசியில் எண்ணெய் படாத வேறோர் அழிப்பானை எடுத்து, தட்டின் மேல் உப்புத்தாளை ஒட்டிச் செய்யுங்கள். நான்கு அளவுகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தால், ட்ரையல்ஸ் வீரர் ஏன் ரிம்மைக் கீறுகிறார், உங்கள் ஆசிரியர் ஏன் புதரில் விழுந்தார் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்!

நாமும் ரிம்மைக் கீறலாமா?

கூடவே கூடாது! என் பேரனும் இதைத்தான் கேட்டான். உப்புத்தாளோடு கிளம்பியும்விட்டான். "நில்லுடா!" என்று பிடித்து உட்கார வைத்தேன்.

காரணம் ஒன்று: கீறினால் ரிம் மெலியும். நம் சைக்கிள் டயரில் காற்று நல்ல அழுத்தத்தில் இருக்கும். மெலிந்த ரிம், ஓடும்போதே பிளந்துவிடலாம். காரணம் இரண்டு: கீறிய ரிம் கட்டையைச் சீக்கிரம் தின்றுவிடும். காரணம் மூன்றுதான் முக்கியம். வீரர் பிரேக் பிடிப்பது பெரும்பாலும் மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும். நாமோ சாலையில் வேகமாகப் போகிறோம். வேகமாகப் போகும்போது முன் சக்கரம் ஆணி அடித்தது போல நின்றால், உடம்பு நிற்காது. ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து போய் விழும்! பின் சக்கரம் அப்படி நின்றால், டயர் சறுக்கிச் சைக்கிள் பக்கவாட்டில் சாயும்.

நமக்கு வேண்டியது, மெதுவாகப் பிடித்தால் மெதுவாகவும், அழுத்திப் பிடித்தால் அழுத்தமாகவும் சொன்னபடி கேட்கும் பிரேக். வீரர்கள் தலைக்கவசத்தோடு, பல வருடப் பயிற்சிக்குப் பிறகு செய்யும் தாவல்களையும் தெருவில் செய்து பார்க்காதீர்கள். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது தாவலை அல்ல, கவனத்தை!

தினமும் ஒரு நிமிடம்

1. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடியுங்கள். முன் சக்கரம் சுற்றக் கூடாது. அதேபோலப் பின் பிரேக்கையும் பாருங்கள்.

2. லீவரை முழுதாக இழுத்தாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. தொட்டால் ஒயரை இறுக்க வேண்டும்.

3. ஒயரில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். இன்று ஓர் இழை, நாளை முழுதும்!

4. கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் தெரிகின்றனவா? தேய்ந்து மறைந்துவிட்டால் புதுக் கட்டை போட வேண்டும்.

5. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். கட்டையில் உரசாமல் நேராக ஓட வேண்டும்.

6. ரிம்மைச் சுத்தமான துணியால் துடையுங்கள். அழுக்கு ஏறியிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். செயின் துடைத்த துணி ரிம் பக்கமே வரக் கூடாது!

7. மழையில் போகும்போது, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். கட்டை ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிடும். பிறகு பிடித்தால் பிடிக்கும். சரிவில் வேகம் கூடும் முன்பே பிடியுங்கள்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேரனின் சைக்கிளைச் சோதித்தோம். இரண்டு திருடர்கள் அகப்பட்டார்கள். பின் பிரேக் ஒயர் உள்ளே துருப்பிடித்திருந்தது. முன் கட்டை மொட்டையாகத் தேய்ந்திருந்தது. தெருமுனைச் சைக்கிள் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் ஒயரையும் கட்டையையும் மாற்றி, லீவரையும் அவன் விரலுக்கு எட்டும்படி திருகிக் கொடுத்தார்.

பேரன் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வாசல் கோலத்துக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் அழகாக நின்றது. "தாத்தா, ரெண்டே விரல்தான் பிடிச்சேன்!" என்றான். அவன் முகத்தில் உலகச் சாம்பியனின் சிரிப்பு!

குழந்தைகளே, நாளைக் காலை பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்கும் முன், ஒரே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஐந்து திருடர்களில் யாராவது உங்கள் சைக்கிளில் ஒளிந்திருக்கிறானா என்று பாருங்கள். உங்கள் பாதையிலும் யாராவது ஒரு சின்னப் பிள்ளை தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரலாம் அல்லவா?

என்ன, பார்ப்பீர்கள்தானே?